லெட்டூஸ் மிதந்த வாரம்

முதல் நாள் அது ஒரு கரண்டித் தண்ணீர்.
காய்த் தட்டை இழுத்தபோது
லெட்டூஸின் அடியிலை
பரிசல் போலக் கொஞ்சம் அசைந்தது.
"பாலைக் கொட்டியது நீதான்" என்றாள் மார்லிஸ்.
"பால் வெள்ளையாக இருக்கும்" என்றான் ஓரின்.

ஐடஹோவில் ஜூலை.
ஸ்னேக் ஆற்றுக்கு மேலே
நிழலுக்கென்று ஒரே மரம் நிற்கும் முகாமில்
பன்னிரண்டாம் எண் இடம் அவர்களுடையது.
இருபத்தாறு அடி வண்டி. அதற்குள்
கட்டில், அடுப்பு, கழிப்பறை,
நாற்பத்தோரு வருடத் தாம்பத்தியம்.
கோபித்துக்கொண்டு போய் உட்கார
இன்னோர் அறை கிடையாது.

இரண்டாம் நாள் வெண்ணெய் நனைந்தது.
மூன்றாம் நாள் தரைவிரிப்பு சளக்கென்றது.
ஓரின் நில அளவையில் சங்கிலி பிடித்தவன்.
உலகத்துக் கோளாறுக்கெல்லாம்
அவனிடம் ஒரே காரணம்: மட்டம் சரியில்லை.
குமிழ்மட்டத்தைத் தரையில் வைத்தான், மேசையில் வைத்தான்,
குளிர்பெட்டியின் தலையிலும் வைத்தான்.
இடப்பக்கச் சக்கரத்தின் கீழ் பலகை செருகினான்.
குமிழ் நடுவில் வந்து நின்றது.
தண்ணீரும் நின்றது,
நின்ற இடத்திலேயே.

மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
யார் செய்தது என்று கேட்டால்
கடைசி இருக்கை வரைக்கும்
யாருமே செய்திருக்க மாட்டார்கள்.
நாலாம் நாள் காலை கேள்வியை மாற்றினாள்:
யார் கொட்டியது என்பதை விடு,
இது எங்கே போயிருக்க வேண்டும்?

உள்ளே பின்சுவரில் உலோகச் செதில்கள்.
அதில் பனி பூக்கும், உருகும்.
அடியில் சிறு தொட்டி, தொட்டியில் துளை,
துளையிலிருந்து சுண்டுவிரலைவிட மெலிந்த குழாய்
சுவர் தாண்டி வெளியே.
பத்து வருடமாகப் போய்க்கொண்டிருந்தது,
ஒருநாளும் இவர்களைக் கூப்பிடாமல்.

வெளித்தட்டியின் திருகைக் காசு வைத்துத் திருப்பினாள்.
ஒட்டடை. போன வருடத்து இலை.
பின்னால் தொங்கியது குழாயின் வாய்,
கொத்தனார் பூசியது போல அடைபட்டு.

பதினான்காம் எண் எல்வுட்டிடம்
புல்வெட்டியின் நைலான் நரம்பு ஒரு முழம் வாங்கினாள்.
கம்பி கூடாது, குழாய் கிழியும்.
நுழைத்தாள், முறுக்கினாள், இழுத்தாள்.
மண் உதிர்ந்தது. மண்ணோடு சிலந்திகள்,
ஆறோ ஏழோ.
சாகவில்லை; கால்களை மட்டும்
மறந்துபோனதை நினைப்பது போல மடக்கின.
நடுவில் அரிசியளவு ஒரு புழு
சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மண்குளவி.
இவர்கள் குளிர்பெட்டிக்குப் பின்னால்
தன் பிள்ளைக்கு வைத்திருக்கிறது ஒரு பெட்டி:
கெடாத இறைச்சி,
காஸ் வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

ஓரின் முட்டி போட்டுப் பார்த்தான்.
வெகுநேரம் பார்த்தான்.
"நான் இல்லை" என்றான்.
நாலு நாளில் முதன்முறையாக
அவள் பல் தெரிந்தது.

வான்கோழிக்குச் சாறு ஊற்றும் ரப்பர் குமிழில்
வெதுவெதுப்பாகத் தண்ணீர், கொஞ்சம் வினிகர்.
உள்ளே அவள் அழுத்த
வெளியே அவன் உள்ளங்கை ஏந்த
"வருதா?"
"இல்லை."
"வருதா?"
பச்சைப் பாசி ஒரு நூல் வந்தது,
பிறகு தண்ணீர்,
பிறகு அவன் வெறுமனே கை நீட்டியபடி இருந்தான்.

பழைய காலுறையில் பாதி வெட்டி
குழாய் வாயில் கட்டினாள்.
புழுவையும் அதன் சோற்றையும்
ஒரு பாட்டில் மூடியில் எடுத்துப்போய்
புதரடியில் ஓரின் வைத்ததை
அவள் பார்த்தாள், கேட்கவில்லை.

மறுநாள் மதியம் நூற்று மூன்று டிகிரி.
முகாம் முழுக்கப் புழுதி.
ஈரம் ஒரே இடத்தில்:
பன்னிரண்டாம் எண், வண்டியின் வயிற்றுக்கு அடியில்,
ஒரு தட்டின் அகலம்.
அங்கே நூலிடைக் கறுப்பி ஒருத்தி
தலையைக் கவிழ்த்து மண் பிசைந்தாள்.
உருண்டை திரட்டினாள்.
தூக்கிக்கொண்டு பறந்தாள்,
நேராக எல்வுட்டின் வண்டிக்கு.

மார்லிஸ் காபியைக் கீழே வைத்துவிட்டு
காலுறையின் மறுபாதியைத் தேடப் போனாள்.